மைல்டா, பிளக்-இன்னா?

"மைல்டு ஹைப்ரிட் காரே போதுங்க," என்றாள் அவள், மறுபடியும்.

"அதுல எஞ்சின் ஓடிட்டேதான் இருக்கும் மேடம். பிளக்-இன்னை வீட்டுலயே சார்ஜ் போட்டுட்டா, சார் ஆபீஸ் போய் வர்ற தூரம் முழுக்க பேட்டரியிலயே ஓடும்," என்றார் ஷோரூம்காரர்.

"மழையில ஷாக் அடிச்சா? பசங்க இருக்கற வீடு..."

"சரியான பயந்தாங்கொள்ளி!" கணவன் சிரித்துக்கொண்டே அவள் தோளை அணைத்தான்.

"அதெல்லாம் அடிக்காது மேடம். வண்டி வாசல்ல வந்து நின்னாக்கூட உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாது. அவ்வளவு அமைதி!"

"இல்லீங்க, அந்த மைல்டே..." என்று ஆரம்பித்தாள் அவள்.

"பிளக்-இன்னே புக் பண்ணிடுங்க," என்றான் கணவன்.

பழைய டீசல் வண்டியின் உறுமல் தெருமுனையிலேயே வீட்டுக்குக் கேட்டுவிடும். அவர்கள் உள்ளே நுழைந்தபோது டிவி அணைந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள்.

கணவன் குளிக்கப் போனதும் மகள் கிசுகிசுத்தாள். "எந்த வண்டிம்மா?"

"சத்தமே வராத வண்டி."

சின்னவனின் கை, போன வாரம் முழங்காலுக்குக் கீழே விழுந்த பெல்ட் தடத்துக்குத் தானாகப் போனது.

"அப்போ அப்பா வர்றது நமக்கு எப்படிம்மா தெரியும்?"