கதிர் ஒட்டிய கை

"பொய் சொன்னீங்கன்னு தெரிஞ்சா, நாளையிலிருந்து என் வீட்டுக்காரரை வேலைக்கு அனுப்ப மாட்டேன் சார்!"

இன்ஜினியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் புருஷன் லேசுப்பட்ட ஆளில்லை. மைல் கணக்கான வயரை முறுக்காமல், அறுக்காமல் எலக்ட்ரான் கதிருக்கு அடியில் ஓட்டத் தெரிந்த ஒரே ஆபரேட்டர். அவன் நின்றால் மெஷினும் நிற்கும்.

தொழிலாளிகளின் வீட்டு ஆட்கள் வந்து தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று போர்டு மாட்டியதும், முதல் ஆளாக வந்து நிற்கிறாள்.

"இங்க பாருங்கம்மா, ரெண்டு துண்டு வயர். இது கதிருக்குள்ள போகாதது." ஈயம் பற்றவைக்கும் சூடான சால்டரிங் ராடை வைத்தார். வயரின் பிளாஸ்டிக் மேல்தோல் மெழுகாக வழிந்தது. "இது போயிட்டு வந்தது." வைத்து அழுத்தினார். தோல் அசைந்துகொடுக்கவில்லை.

"வயரை விடுங்க. மனுஷனுக்கு?"

"மனுஷன் மேல படவே படாது. சுத்தி ஆறடி கனத்துக்கு கான்கிரீட் சுவர். கதவைத் திறந்தாலே மெஷின் நின்னுடும்."

"வேலை முடிஞ்சு வந்த பிறகு கையில ஒட்டிக்கிட்டு இருக்குமாமே?"

"விளக்கை அணைச்ச பிறகு வெளிச்சம் சுவத்துல ஒட்டிக்கிட்டா இருக்கு? சுவிட்சைப் போட்டா உண்டு, அணைச்சா இல்லை. அவ்வளவுதான்."

"பிள்ளையைத் தூக்கலாமா?"

"தோள்ல வச்சுக்கிட்டு ஆடலாம்!"

"சோப்புத் தண்ணி பட்டா?"

இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்தது. பாவம், என்னவெல்லாம் நினைத்துப் பயந்திருக்கிறாள்!

"ஒண்ணும் ஆகாதும்மா. ஒன்பது வருஷமா நானும் இங்கதான் குப்பை கொட்டறேன். எனக்கு ஏதாவது ஆச்சா?"

"எழுதிக் கொடுப்பீங்களா?"

கம்பெனித் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார். ஆளைக் காப்பாற்றியாயிற்று.

அவள் அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே நின்ற புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

"இந்தாய்யா! 'கையில கதிர் இருக்கு, பாத்திரம் தேய்க்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, பிள்ளைக்குக் கால் கழுவக் கூடாது'ன்னு நாலு வருஷமா கதை விட்டியே! இப்ப விடு பார்க்கலாம்! சாயந்திரம் வா, அண்டா அண்டாவா ஊறப் போட்டு வைக்கிறேன்!"

அவள் தலை மறைந்ததும் இன்ஜினியர் கதவைச் சாத்தினார். அவசரமாகத் தன் மனைவிக்குப் போன் போட்டார்.

"இதோ பாரும்மா, நாளைக்குச் சுத்திப் பார்க்கறேன்னு நீ இந்தப் பக்கமே வந்துடாதே... இங்க கதிர் ரொம்ப ஜாஸ்தியா அடிக்குது!"