தேய்ந்த அம்புக்குறி

“இன்னும் எத்தனை எழுத்துடா தம்பி? என் அம்புக்குறியே தேய்ஞ்சு போச்சு,” என்று ரிமோட் டிவியிடம் எரிந்து விழுந்தது. சௌந்தரவல்லிக்குப் போனில் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. வெளிநாட்டிலிருக்கும் மகன் இணையத்தில் எழுதுவதையெல்லாம், ரிமோட்டின் அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து முகவரி அடித்து, டிவியின் பிரவுசரில்தான் பெரிதாக்கிப் படிப்பாள்.

“உங்க புலம்பல் தாங்கல அண்ணே. அடுத்த அப்டேட்ல பிரவுசரையே தூக்கிடுறேன்,” என்றது டிவி. சொன்னபடியே தூக்கியும் விட்டது. ரிமோட் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியது.

மறுநாள் சௌந்தரவல்லி அம்புக்குறியை மேலும் கீழும் அழுத்தினாள். சினிமா வந்தது, பாட்டு வந்தது. மகன் வரவில்லை.

“திருப்பி வச்சிடுடா. எத்தனை எழுத்தானாலும் தாங்கிக்கறேன்,” என்றது ரிமோட்.

“எடுக்கத்தான் தெரியும் அண்ணே. வைக்கத் தெரியாது.”

சௌந்தரவல்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தேடினாள்.