ஏழு டம்ளர் கோபுரம்

நஞ்சுண்டேசுவரன் மேல் ஆணை, இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. மைசூரில், தகரக்கூரை போட்ட ஒற்றை அறையில், காலை ஆறு மணிக்கு மோகனப்ரியா தரையில் உட்கார்ந்து மகளுக்கு விளையாட்டுக் காட்டுகிறாள். கூரை ஓட்டை வழியே விழும் வெளிச்சத்தில் இரண்டு வயது சோனியா டம்ளர் மேல் டம்ளராக அடுக்குகிறாள். ஏழாவது டம்ளர் ஏறியதும் கூரைப் பல்லி மரியாதையாக ஒதுங்கி வழி விடுகிறது. பச்சைப்பயறையும் துவரம்பருப்பையும் கலந்து வைத்தால் கண்ணை மூடிக்கொண்டே பிரிக்கிறாள். நடுவில் வழிதவறிய எறும்பைக்கூட அதன் வரிசையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறாள். மோகனப்ரியா துப்பட்டாவால் முகத்தை மூடித் திறக்கிறாள். "அம்மா எங்க? சொல்லு கண்ணு, அம்மா." பிள்ளை சிரிக்கிறாள், அந்த ஒரு சொல் மட்டும் வரமாட்டேன் என்கிறது. தெருமுனையில் ஃபேக்டரி வேன் ஹாரன் அடிக்கிறது. "வேன் வந்திருச்சு புள்ள, எந்திரி," என்கிறான் கணவன் சிவகுமார், டிபன் டப்பாவை நீட்டியபடி, சுவரைப் பார்த்து. "இன்னும் ஒரே ஒரு வாட்டிங்க. இப்பக் கூப்புட்டுருவா." மறுபடி முகத்தை மூடுகிறாள். துப்பட்டா நனைகிறது, கை இறங்க மறுக்கிறது. மோகனப்ரியா தன் மகளை ஹனூரில் இருக்கும் அக்கா வீட்டில் விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது.