பைரோல் வீட்டு மூத்தவள்

ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் பைரோல், பிரிடின் என்று இரண்டு வளைய மூலக்கூறு வீடுகள் இருந்தன. ஆறு எலெக்ட்ரான் சேர்ந்து சுற்றினால்தான் எந்த வீடும் நிற்கும். பிரிடின் வீட்டில் ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் ஆளுக்கு ஒன்று போட்டார்கள். அந்த நைட்ரஜன் கையில் இன்னும் இரண்டு மிச்சம். பைரோல் வீட்டிலோ கார்பன் தம்பிகள் நாலே பேர்; ஆளுக்கு ஒன்று போட்டும் இரண்டு குறைந்தது. அதனால் மூத்தவளான நைட்ரஜன் தன்னிடம் மிஞ்சியிருக்க வேண்டிய இரண்டையும் சுற்றுக்கே போட்டுவிட்டாள்.

ஒருநாள் குடுவையில் அமிலம் சொட்டியது. கையில் ஒரு எலெக்ட்ரான்கூட இல்லாத புரோட்டான் ஒருவன் அவள் வாசலில் வந்து நின்றான்.

"அந்த இரண்டையும் என் பக்கம் திருப்பினால் உன்னோடேயே இருந்துவிடுவேன்" என்றான்.

இப்படி ஒருவன் கேட்க மாட்டானா என்றுதான் அவள் இத்தனை நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தம்பிகள் சிரித்தபடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் கையை எடுத்தால் அந்த வளையம் அப்போதே கலைந்துவிடும்.

"பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்க" என்றாள்.

அங்கே கேட்டதும் கிடைத்தது. அவன் உள்ளே போகும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வாசல்ல யாருக்கா வந்தது?" என்றான் கடைசித் தம்பி.

"யாருமில்லடா. நீ சுத்து."