வெளிச்சம் பத்தல

ஸ்ரீவத்சன் கடை மேஜைமேல் வைத்த லைட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இதுவும் சரிவரலை சேவியர். இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆயிடுத்து. தொட்டா கையோட வரது."

சாங்வியில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் சேவியர் தூத்துக்குடிக்காரர். புனேக்கு வந்து தலை நரைத்துவிட்டது. ஸ்ரீவத்சன் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஔந்தில், ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். ஐ.டி. கம்பெனி வேலை. மீன் தொட்டியில் செடி வளர்க்க லைட் வேண்டும் என்று ஒருநாள் வந்தவர், அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்து ஒன்றைக் கொடுத்துவிட்டு வேறொன்றை மாற்றிக்கொண்டு போனார்.

சேவியர் லைட்டைத் துணியால் துடைத்தார். ஒயர், பெட்டியில் வந்தபோது கட்டியிருந்த கட்டோடு அப்படியே இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன மணி நேரம் போடுதீய?"

"நீங்க சொன்னேளே, அதேதான். எட்டு மணி நேரம்."

"எட்டு போதும். கூடப் போட்டா பாசி புடிச்சிரும். பாசி இருக்கா?"

ஸ்ரீவத்சன் யோசித்தார். "கொஞ்சம் இருக்கு."

"என்ன நெறத்துல?"

"பாசி... பாசி நிறம்தான்."

சேவியர் சிரிக்கவில்லை. ஒரு பெண் குடையை மடக்காமலேயே வாசலில் நின்று, "காகா, மாஷாஞ்ச காணம்?" என்றாள். சேவியர் மீன் தீவனப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்து மராட்டியில் ஏதோ சொன்னார். அவள் போன பிறகு, தொட்டிகளில் காற்றுக் குமிழ்கள் உடையும் ஓசைதான் கடையில் இருந்தது.

"டீ சொல்லவா சார்?"

"சொல்லுங்கோ."

டீ வந்தது. அது ஆறிய பிறகும் ஸ்ரீவத்சன் ஊதி ஊதிக் குடித்தார்.

"அடுத்தது எதைப் போடலாம்? இதைவிடப் பெரிசு இருக்கா?"

"இதுக்கு மேல போட்டா செடி இல்ல சார், நெல்லே வெளையும்." சேவியர் லைட்டைப் பெட்டிக்குள் வைத்தார். "மாத்தி மாத்திக் கொண்டுட்டுப் போயி பிரயோசனமில்ல. ஞாயித்துக்கெழம கடை கெடையாது. நானே வீட்டுக்கு வாரேன்."

ஸ்ரீவத்சன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"என்ன சிரமம்? பாலத்தத் தாண்டுனா வீடு."

"வீடு போட்டது போட்டபடி கெடக்கு."

"எங்கூட்டுல மட்டும் போட்டத எடுக்க யாரு இருக்கா?"

"இந்த ஞாயிறு வேண்டாமே."

"அப்ப அடுத்த ஞாயிறு."

ஸ்ரீவத்சன் குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். இப்படியே படியிறங்கிவிட்டால் மறுபடி இந்தக் கடைக்கு வர முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. வாரத்தில் அவருக்கு இருந்தது இந்த ஒரு மணி நேரம்தான்.

தெருவைப் பார்த்து நின்றபடியே சொன்னார்.

"சேவியர், எங்கிட்ட தொட்டியே கிடையாது."

பின்னால் தொட்டிகளில் குமிழ்கள் உடைந்துகொண்டிருந்தன.

"அன்னிக்கு மழைக்கு ஒதுங்கினேன். நீங்க உள்ள ஒரு செடியைப் பார்த்து, 'ஏட்டி, வெளிச்சம் பத்தலியா ஒனக்கு'ன்னு கேட்டுண்டு இருந்தேள். வெளிச்சம்! அந்த வார்த்தையைக் காதால கேட்டு எத்தனை வருஷமாச்சு. ஆஃபீஸ்ல இங்கிலீஷ், ஆட்டோவுல இந்தி, சமைக்க வர மௌஷிகிட்ட அரைகுறை மராட்டி. என்னமோ கூப்பிட்ட மாதிரி இருந்துது, உள்ள வந்துட்டேன். வந்தப்புறம் எதையாவது கேக்கணுமே? லைட் கேட்டேன்."

குடையை விரித்தார், மறுபடி மடக்கினார்.

"இன்னிக்கு அது நனைஞ்சதுகூட வர வழியிலதான். செடியும் இல்ல, பாசியும் இல்ல. நீங்க ஞாயித்துக்கிழமை வந்தா பார்க்க அங்க ஒண்ணுமே இல்ல சேவியர். மன்னிச்சுடுங்கோ."

சேவியர் லைட் பெட்டியை எடுத்து அலமாரியில் பழைய இடத்தில் வைத்தார். காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினார். பிறகு சொன்னார்:

"தொட்டியப் பாக்க வாரேன்னா சொன்னேன்? வீட்டுக்கு வாரேன்னுலா சொன்னேன்."

அந்த லைட்டை வேறு யாரோ வாங்கிப்போய்விட்டார்கள். சேவியர் ஞாயிறுதோறும் பாலம் தாண்டிப் போகிறார். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஸ்ரீவத்சன் இன்னும் தொட்டி வாங்கவில்லை.