எட்டாவது நாற்காலி

"பத்து மணிக்கு விழான்னா பத்து மணிக்கு வரணும். இலவசமா வாங்கிக்கக்கூட இவங்களுக்கு நேரம் கிடைக்கல பாரு!"

சேவைச் சங்கத்தின் தலைவர் பொரிந்து தள்ளினார். எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்றார் செயலாளர். ஊருக்கு அவர் மருந்துக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சங்கச் செயலாளர், செய்திமடல் ஆசிரியர், தலைவரிடம் திட்டு வாங்குபவர் எல்லாமே அவர்தான்.

அன்றைக்கு, நடக்க முடியாத எட்டுப் பேருக்குச் சக்கர நாற்காலி வழங்கும் விழா. ஏழு பேர் வந்து மேடையில் உட்கார்ந்தாகிவிட்டது. எட்டாவது, ஒரு வெல்டரின் மனைவி. பத்தே முக்காலாகியும் இருவரையும் காணோம்.

"கட்டாயம் வருவாங்க சார். ரெண்டு வருஷமா அந்தம்மா வீட்டை விட்டு வெளியவே வரல. இதுக்காக அவர் ஆறு மாசமா என் கடைக்கு நடையா நடந்தாரு."

"அதுக்காக? விருந்தினருக்குப் பதினொன்றரைக்கு வேற விழா இருக்குய்யா."

சிறப்பு விருந்தினர் நகைக்கடை முதலாளி. பக்கத்து அறையில் ஏ.சி.க்கு நேராக உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணியிலிருந்து சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் அந்த அறையில்தான். அவருடைய ஜோக்குகளுக்குச் சிரிப்பதற்கே ஆள் போதவில்லை.

செய்திமடல் வேறு அச்சகத்தில் தயாராக இருந்தது. இந்தச் சங்கத்தில் எப்போதுமே செய்தி முந்திக்கொள்ளும். சேவை பின்னாலேயே ஓடி வரும். 'எட்டுப் பேரும் கண்ணீர் மல்க நன்றி தெரிவித்தனர்' என்று செயலாளர் முந்தாநாளே எழுதிக் கொடுத்துவிட்டார். படம் மட்டும்தான் பாக்கி.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "எட்டுன்னு போட்டாச்சு, எட்டு காட்டியாகணும். நம்ம விருந்தினரோட அம்மாவுக்கு மூட்டு வலியாம். அவங்களுக்குக் குடுத்துடுவோம்."

"அவங்க நடப்பாங்களே சார்?"

"அப்பப்ப உட்காரவும் செய்வாங்கல்ல?"

செயலாளருக்கு மனசு உறுத்தியது. உறுத்திக்கொண்டே தலையை ஆட்டிவிட்டார்.

அம்மா விழாவுக்கு வரவில்லை. எனவே நகைக்கடை முதலாளியே நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவர் பின்னால் நின்று தள்ளினார்.

"சார், சிரிக்காதீங்க சார். கொஞ்சம் கஷ்டப்படுற மாதிரி இருங்க" என்று கெஞ்சினார் புகைப்படக்காரர்.

அந்த நேரம் பார்த்து மாடிப்படி ஏறி ஹால் வாசலில் வந்து நின்றார் வெல்டர். முதுகில் மனைவி. சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும். கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின.

செயலாளர் ஓடிப்போய், ஹால் கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு வெளியிலேயே மறித்தார்.

"என்னப்பா நீ? மணி என்ன ஆகுது?"

"கீழ கொஞ்சம் வேலை இருந்துச்சு சார்." பேச முடியாமல் மூச்சு வாங்கியது.

"பொண்டாட்டிக்கு நாற்காலி வாங்குறதைவிட அப்படி என்னய்யா பெரிய வேலை?"

"நான்தான் சார், அவங்களை முதல்ல..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

முடிக்கவில்லை, கதவைத் திறந்துகொண்டு தலைவரே வந்துவிட்டார். "நேரத்தோட அருமை தெரியாதவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் வீண். நாற்காலி எல்லாம் தீர்ந்து போச்சு. அடுத்த வருஷம் பார்க்கலாம், கிளம்புங்க."

கதவு மறுபடி சாத்திக்கொண்டது. கணவனின் தோளுக்கு மேலே எட்டி, அந்தப் பெண் கதவுக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தாள்.

"வாங்க, போயிடலாம்" என்றாள்.

வெல்டர் திரும்பினார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். 'லேட்டா வந்தது அவன் தப்புதானே' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு செயலாளர் உள்ளே போனார்.

"நடக்க முடியாதவர்களுக்கு இனி நாங்களே கால்கள்!" என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார் தலைவர். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

பதினொன்றேகாலுக்கு விருந்தினர் கிளம்பினார். அம்மாவுக்கான நாற்காலியை நாலு உறுப்பினர்கள் பூப்போலத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் ஏற்றினார்கள். வழியனுப்பக் கீழே போன தலைவரும் மற்றவர்களும் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஹாலில் செயலாளரும் அந்த ஏழு பேரும்தான் மிச்சம்.

"என்ன, யாரும் கிளம்பலையா? ஹாலைப் பூட்டணும்."

ஓரத்து நாற்காலியில் இருந்த பெரியவர் சிரித்தார்.

"பறந்தா சார் போக முடியும்? ரெண்டு மாடி, லிஃப்டும் கிடையாது. காலையில ஆட்டோக்காரங்க எங்களைக் கீழேயே இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. அந்த வெல்டர் தம்பிதான் எங்க ஏழு பேரையும் ஒவ்வொருத்தரா முதுகுல சுமந்து மேல கொண்டு வந்து விட்டாரு. அவர் சம்சாரம் தங்கமான பொண்ணு, 'இவங்களை எல்லாம் முதல்ல விட்டுட்டு வாங்க, நான் கடைசியா வர்றேன்'னு படியிலேயே உட்கார்ந்துடுச்சு. அதைத் தூக்கிட்டு வர்றேன்னு போன மனுஷன், இன்னும் ஆளையே காணோமே சார்?"