மண்டபம் மாறிய மொய்

"அண்ணே, டோக்கன் தப்பான எடத்துக்குப் போயிடுச்சுங்க."

ஜெயசுதா எழுந்து நின்றாள். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வந்தவள் மாதிரி செல்போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

ராஜராஜன் கண்ணை மூடிக்கொண்டார். வாரத்துக்கு ஒரு அழுகை. பெரம்பலூரில் முகூர்த்தமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மலிவாகக் கிடைக்கும் கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில்தான் 'கதிர் காயின்' குழு கூடும். மக்காச்சோளக் கதிர் படம் போட்ட அந்த டிஜிட்டல் காசை ஆரம்பித்தவர் அவர். மூன்று வருஷத்துக்கு முன்பு ரீசார்ஜ் கடை வைத்திருந்தார், இப்போது ஃபவுண்டர்.

"எறையூர் தையக்காரம்மாதானே? சேந்து முழுசா ஒரு நாள் ஆவல. வரவேற்புப் பரிசுன்னு பத்து டோக்கன் நேத்து சாயங்காலந்தான் என் கையால அனுப்புனேன். அதுக்குள்ள ஒப்பாரியா?"

"அது இல்லீங்கண்ணே, காலையில பாத்தா..."

"எல்லாரும் காலையிலதாம்மா பாக்குறீங்க. அனுப்புறதுக்கு முன்னாடி எவனும் பாக்குறதில்ல."

கூடம் சிரித்தது. முப்பது பேர் சிரித்ததில், போனது தன் டோக்கன் இல்லை என்ற நிம்மதிதான் பாதி.

சிரிக்காதவர் கடைசி வரிசை வைரக்கண்ணு. அரும்பாவூர்க்காரர். போன மாதம் நாலாயிரம் டோக்கனைக் கை தவறிக் குழுவின் பொதுக் கணக்குக்கு அனுப்பிவிட்டார். ஒருமுறை போனதை அனுப்பியவர் திரும்ப இழுக்க முடியாது. வாங்கியவர் மனசு வைத்தால்தான் உண்டு. பொதுக் கணக்கின் பாஸ்வேர்ட் ராஜராஜனிடம் இருந்தது. இரண்டு நிமிஷ வேலை. செய்யவில்லை. கேட்டதற்கு, கொள்கை என்றார்.

அந்தக் கொள்கையை இன்றைக்கும் விளக்கித் தொலைக்க வேண்டியிருந்தது. அவருக்கோ அவசரம். நேற்று மதியம் ஒரு டோக்கன் அனுப்பிச் சோதித்த புதுக் கணக்குக்கு, தன்னிடமிருந்த எண்பத்தாறாயிரம் டோக்கனையும் காலையில்தான் மாற்றியிருந்தார். நாளைக்கு அதை விற்றுத்தான் அரியலூர் பைபாஸில் மனைக்குப் பத்திரம் போட வேண்டும். அட்வான்ஸுக்கே பெண்டாட்டி நகை மொத்தமும் போயாயிற்று. இந்த மண்டபத்துக்குள் டவர் எடுக்காது. வெளியே போய்க் கணக்கை ஒரு தரம் பார்த்துவிட்டு பஸ் பிடிக்க வேண்டும்.

"பக்கத்துப் பக்கத்து மண்டபத்துல ரெண்டு கல்யாணம். ஒருத்தன் மண்டபம் மாறிப் போயி அய்யாயிரம் மொய் எழுதிட்டான். திருப்பிக் கேட்டா குடுப்பானா?"

"சாப்பாட்டுக்குக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுக்கலாம்," என்றார் வைரக்கண்ணு.

"நோட்டுல பேர் ஏறிடுச்சுய்யா. வந்த மொய் வந்ததுதான். வாசல்ல பொண்ணு மாப்பிள்ளை பேரத் தெர்மாகோல்ல வெட்டி ஒட்டியிருக்கான். படிக்கத் தெரியாதவனுக்குப் பந்தியில என்ன வேல?"

மறுபடி சிரிப்பு. ராஜராஜனுக்குச் சுதி ஏறியது.

"நானும் மூணு வருஷமா அனுப்புறேன். ஒரு தப்பு? ஏன்னா நான் முகவரிய டைப்பே அடிக்கமாட்டேன். கடைசியா அனுப்புன முகவரி லிஸ்ட்டுல மேலயே நிக்கும். தொட்டேன், அனுப்புனேன், முடிஞ்சுது. இதுக்கு என்ன பெரிய படிப்பா வேணும்?"

ஜெயசுதா இன்னும் உட்காரவில்லை.

"அனுப்புனவங்க பாவம் இல்லீங்களா? பெரிய தொகைங்க. குடும்பம் இருக்குமில்லீங்களா."

அழ வருகிறவர்கள் தங்களையே வேறு யாரோ மாதிரிப் பேசுவார்கள். அந்த நடிப்பெல்லாம் ராஜராஜனுக்குப் பழக்கம்.

"முட்டாளுக்குக் குடும்பம் இருந்தா அது அந்தக் குடும்பத்தோட கெரகம். அதுக்கு வாங்குனவங்க என்னம்மா பண்ணுவாங்க?"

"வாங்குனவங்களுக்கே குடுக்கணும்னு மனசு இருந்தாங்க?"

"குடுக்கக் கூடாது. இன்னைக்கு ஒரு ஆளுக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். அப்புறம் இது காயினா, கோயில் உண்டியலா?"

சொன்னதோடு விடவில்லை. தீர்மானப் புத்தகத்தை எடுத்து, தானே எழுதி, தானே உரக்கப் படித்தார்: "தவறுதலாக அனுப்பப்பட்ட டோக்கன், எவ்வளவாக இருந்தாலும், வந்து சேர்ந்தவருக்கே சொந்தம். அதைத் திருப்பிக் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது."

"யாரு அனுப்பியிருந்தாலுமாங்க?" என்றாள் ஜெயசுதா.

"என்னைப் பெத்தவரே அனுப்பியிருந்தாலும்."

முதல் கை வைரக்கண்ணுவுடையது. தனக்குக் கிடைக்காத நியாயம் ஒரு தையக்காரிக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதில் மனுஷன் தெளிவாக இருந்தார். பின்னாலேயே எல்லாக் கையும் எழுந்தது.

ராஜராஜன் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கெசட்டட் ஆபீசர் இல்லைதான்; பேனா கடையில் கிடைக்கிறது.

"நீயும் போடும்மா. அப்பத்தான் அடுத்த வாரம் வந்து மூக்கைச் சிந்தமாட்ட."

அவள் வாங்கி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

புத்தகத்தை மூடியதும் ராஜராஜனுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டத் தோன்றியது. இனிமேல் செலவில்லை.

"சரி, இப்பச் சொல்லு. எவ்வளவு போச்சு?"

"எனக்கு ஒண்ணும் போவலீங்கண்ணே. நேத்து பத்து அனுப்புனீங்க இல்ல, அதே கணக்குக்குக் காலையில எண்பத்தாறாயிரம் அனுப்பியிருக்கீங்க."

செல்போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன்."